ஒப்பீட்டு ஊர் எது? தூத்துக்குடி மாவட்டத்தின் வடவட்டாரத்தில் நச்சுப்பொருள்களும் பெண்களின் கருநலமும்

ஆலை நச்சு பெண்களின் கருநலத்தைக் கெடுத்ததா என்று ஆராயப் புகுபவர், அந்த நச்சுப் படாத ஊர் ஒன்றை முதலில் தேடியாக வேண்டும். ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களின் கணக்கை அந்த ஊரின் கணக்கோடு வைத்துப் பார்த்தால்தான் கூடுதல் எது, வழக்கம் எது என்று தெரியும். தூத்துக்குடி மாவட்டத்தில் இத்தகைய தேடல் எளிதில் எட்டயபுரத்தில் போய் நிற்கும். கடற்கரையை விட்டு வடமேற்கே, கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஊர். துறைமுகமோ அனல் மின் நிலையமோ தாமிர உருக்காலையோ அங்கே கிடையாது. ஒப்பீட்டுக்கு ஏற்ற தூய ஊராக எட்டயபுரத்தையும் அதைச் சூழ்ந்த வடவட்டாரத்தையும் கொள்ள முடியாது என்பதும், அப்படிக் கொண்டால் இரு பக்கத்துப் பெண்களுக்கும் அநியாயம் நேரும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கேள்வி புதியதன்று. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை 2006–07இல் தூத்துக்குடியின் ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டத்துக்குள் 80,725 பேரை உள்ளடக்கி ஒரு நலவாழ்வு ஆய்வு நடத்தியது. மூச்சுக்குழல் நோய்கள் மிகுந்திருந்ததும், குமரெட்டியாபுரம், தெற்கு வீரபாண்டியபுரம் ஆகிய ஊர்களின் நிலத்தடி நீரில் இரும்பு அனுமதித்த அளவைப் போல 17 முதல் 20 மடங்கு வரை இருந்ததும் அதில் பதிவாயின. பெண்களிடம் மிகை உதிரப்போக்கும் மாதவிலக்கு வலியும் கூடுதலாக இருந்ததையும் அது குறித்தது. ஆலையைப் பற்றிய பொது விவாதத்தில் மூச்சுத்திணறலும் புற்றுநோயும் அடிக்கடி பேசப்பட்டன. மாதவிலக்கு பற்றிய அந்தக் குறிப்போ ஆழ்ந்த மறு ஆய்வு எதற்கும் வித்தாகவில்லை. 2018 மே 22, 23 நாள்களில், ஆலையை எதிர்த்த போராட்டத்தின்போது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். மே 28இல் ஆலையை மூட அரசாணை வந்தது. 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றம் அந்த மூடலை உறுதி செய்தது. பெண்களின் உடலில் என்ன நடந்தது என்ற கேள்வி மட்டும் 2007இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஒப்பீட்டு ஊர் எப்படி ஆய்வாளரை ஏமாற்றும் என்பதற்கு உலகறிந்த சான்று ஆர்க்டிக் வட்டாரத்து நுனாவிக்கில் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தாய்ப்பாலில் பிசிபி வகை வேதிப்பொருள்களை அளந்துகொண்டிருந்த எரிக் தெவாய், மாசுபட்ட தெற்கோடு ஒப்பிடத் தூய மாதிரி வேண்டுமென்று வடகோடியில் வாழும் இனுயிட் தாய்மாரின் பாலைச் சோதித்தார். ஆலையே இல்லாத அந்தப் பனிநிலத்துப் பெண்களின் பாலில் தெற்கைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு பிசிபி இருந்தது. காற்றும் கடல் நீரோட்டமும் கொண்டுசேர்த்த நஞ்சு மீனிலும் சீலின் கொழுப்பிலும் திரண்டு, அவற்றை உண்ட தாயின் பாலுக்கு வந்திருந்தது. 2001இல் நிலைத்த கரிமநஞ்சுகளுக்கு எதிராக உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைக்கு இனுயிட் பெண்களின் குரல் வலுவான உந்துதல் தந்தது. தொலைவை வைத்துத் தூய்மையை முடிவு செய்யலாகாது என்பது அன்றே நிறுவப்பட்ட செய்தி.

எட்டயபுரத்துக்கு நஞ்சு தொலைவிலிருந்து வர வேண்டியதே இல்லை. கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை மூன்று தலைமுறைப் பெண்களின் வேலை. தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும் இருக்கின்றன. எரிவதைச் சீராக்கப் பொட்டாசியம் டைகுரோமேட் சேர்ப்பதும் இத்தொழிலில் வழக்கம். பெட்டியின் பக்கத்தில் பூசுவது சிவப்புப் பாஸ்பரஸ். மருந்து கலப்பதும் குச்சியை முக்குவதும் பெரும்பாலும் ஆண்கள் வேலை. காய்ந்த குச்சிகளைக் கை நிறைய அள்ளி, தலைகள் ஒரே பக்கம் வரத் தட்டிச் சீராக்கிப் பெட்டியில் அடைப்பது பெண்கள் வேலை. தட்டும்போதெல்லாம் தலையிலிருந்து பொடி உதிர்கிறது. அது விரல் இடுக்கில் தங்குகிறது, சேலை மடியில் படிகிறது, அதே கையால் மத்தியானச் சோற்றைப் பிசையும்போது வாய்க்கும் போகிறது. டைகுரோமேட்டில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியத்தை ஐரோப்பிய ஒன்றியம் புற்றுநோய் தரும் பொருளாகவும் இனப்பெருக்கத்துக்குத் தீங்கான பொருளாகவும் வகைப்படுத்தியிருக்கிறது. முழுத் தானியங்கி எந்திரங்கள் வந்தபின் கைவேலை குறைந்திருக்கிறது. ஆனால் இன்று நாற்பது வயதைக் கடந்து, உதிரப்போக்கு தாளாமல் கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா என்று கேட்டு மருத்துவமனைக்கு வரும் பெண், சிறுமியாகவே குச்சி அடைக்கப் போனவளாக இருக்கலாம்.

காட்டு வேலையும் அப்படித்தான். மானாவாரிக் கரிசலில் உளுந்தும் பாசியும் பருத்தியும் மிளகாயும் இருந்த இடத்தில் மக்காச்சோளம் பெருமளவு பரவியிருக்கிறது. விதைத்த கையோடு களை முளைக்காதிருக்க அட்ரசின் தெளிக்கிறார்கள். நாளமில்லாச் சுரப்பிகளின் செயலைக் குலைக்கும் என்று பல ஆய்வுகள் ஐயுறும் பொருள் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2004இலேயே அதற்கு அனுமதியை மறுத்துவிட்டது. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு மக்காச்சோளத்தைத் தாக்கத் தொடங்கியபின் பூச்சிமருந்துத் தெளிப்பும் கூடியது. கைத்தெளிப்பானைச் சுமப்பவர் ஆண். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து டிரம்மில் ஊற்றுபவரும், மறுநாள் ஈரம் உலராத பயிருக்குள் குனிந்து களை எடுப்பவரும், மருந்து தெறித்த சட்டையைத் துவைப்பவரும் பெண். தொழில்வழி நச்சேற்றம் பற்றிய வினாத்தாளில் மருந்து தெளித்தீர்களா என்று மட்டும் கேட்டால் இவர்கள் எல்லாரும் இல்லை என்றே சொல்வார்கள். அந்த இல்லை கணக்கில் ஏறும்போது அவர்கள் நச்சுப் படாதவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரை ஒப்பீட்டுக்கு வைத்தால் என்ன ஆகும்? இரு பக்கமும் கருச்சிதைவு மிகுந்திருந்தால் வேறுபாடு சுருங்கும். சுருங்கிய வேறுபாட்டைக் காட்டி ஆலையால் தீங்கில்லை என்று வாதிட வழி பிறக்கும். உண்மையில் அந்த எண் சொல்வது, இரு இடத்துப் பெண்களும் வெவ்வேறு பொருள்களால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதைத்தான். இதற்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம்: எங்கும் நஞ்சு என்றால் எந்த ஆலையையும் தனித்துக் குற்றம் சாட்ட முடியாதே, இந்த வாதம் ஆலைகளுக்கே உதவாதா? உதவாது. ஊரை அலகாகக் கொள்வதை விட்டுவிட்டு ஒவ்வொரு பெண்ணின் நச்சேற்றத்தை அளவிட்டால், அளவு கூடக் கூடத் தீங்கும் கூடுகிறதா என்று பார்க்கலாம். அதற்குத் தூய ஊர் எதுவும் தேவையில்லை. குறைவு, நடுத்தரம், மிகுதி என்ற படிநிலை போதும். வெப்பத்தைப் பொறுத்தவரை, ஊரை விட்டுப் பெண்களின் வேலைச்சூழலை அளப்பது தமிழ்நாட்டிலேயே செய்து காட்டப்பட்டிருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு என்று கண்டார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் எல்லாம் அதில் அடக்கம். தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களை ஆராய்பவர் வெப்பத்தை விட்டுவிட்டு உலோகத்தை மட்டும் அளப்பது இனிப் பொருந்தாது.

காலம் இன்னொரு சிக்கல். சிறுநீரில் ஆர்செனிக் சில நாள்தான் தங்கும்; ஆலை மூடிய பின் எடுக்கும் மாதிரி அது இயங்கிய ஆண்டுகளைப் பற்றி எதுவும் சொல்லாது. ஈயம் அப்படியில்லை. இரத்தத்திலிருந்து எலும்புக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் உறையும். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் சுண்ணாம்புச் சத்துக்காக எலும்பு கரையும்போது திரும்பவும் இரத்தத்துக்கு வந்து நஞ்சுக்கொடியைக் கடக்கும். பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆலை இயங்கத் தொடங்கிய ஆண்டுகளில் கருவில் இருந்த பெண்குழந்தைகள் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். ஆலை மூடியதோடு ஆய்வின் தேவை முடிந்தது என்று கருதுவோர் இவர்களை மறந்துவிடுகிறார்கள்.

தரவு எங்கிருந்து வரும்? கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி முறை தமிழ்நாட்டில் 2008 முதல் நடப்பில் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு கர்ப்பத்தையும் பதிகிறார். ஹீமோகுளோபின், எடை, பிரசவம், குழந்தையின் பிறப்பு எடை எல்லாம் அதில் ஏறுகின்றன. இந்தச் செல்வத்தை நச்சேற்ற ஆய்வோடு இணைக்கலாம். குறையும் உண்டு: பதியுமுன் கலைந்த கரு அதில் இராது. 1988இல் ஆலன் வில்காக்ஸ் குழு அமெரிக்காவில் 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்து, 22 விழுக்காடு கர்ப்பங்கள் அறியப்படுமுன்பே கலைவதைக் காட்டியது. நச்சு முதலில் தாக்குவது அந்த வாரங்களைத்தான் என்றால் பதிவேடு அதைக் காட்டாது. எனவே சில ஊர்களிலாவது, விரும்பிச் சேரும் பெண்களிடம் மாதவிலக்கு நாட்குறிப்பும் சிறுநீர் மாதிரியும் பெறும் சிறிய ஆய்வு உடன் நடக்க வேண்டும்.

கேட்கும் முறையிலும் நிறைய இருக்கிறது. வாசலில் மாமியாரும் கொழுந்தனும் நிற்க, எத்தனை கரு கலைந்தது என்று கேட்டால் எந்த மருமகளும் உண்மை சொல்ல மாட்டாள். கேட்பவர் பெண்ணாக, உள்ளூர்ப் பேச்சு அறிந்தவராக, கூலி கெடாத நேரம் பார்த்து வருபவராக இருக்க வேண்டும். முடிவுகளை ஊர்ப்பெயரோடு வெளியிட்டால் அந்த ஊரில் பெண் எடுக்கத் தயங்குவார்கள்; ஆகவே வெளியீட்டில் ஊர்ப்பெயர் மறைந்தும், தனி முடிவு அந்தந்தப் பெண்ணின் கைக்குக் கிடைத்தும் ஆக வேண்டும். நுனாவிக்கில் நச்சின் அளவைச் சொன்ன மருத்துவர்கள் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது. இங்கும் முடிவைச் சொல்லும் நாளிலேயே மருத்துவமும் கிடைக்க வேண்டும்: உதிரப்போக்கு மிகுந்தவருக்கு இரத்தசோகைச் சோதனை, கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லப்பட்டவருக்கு வேறொரு மருத்துவரின் கருத்து, குச்சி அடைப்பவருக்குக் கை கழுவ ஆபீஸிலேயே தண்ணீரும் சோப்பும். இவற்றுக்கான பணத்தை ஆய்வின் வரவுசெலவில் முதல் வரியாக எழுதாத எந்தத் திட்டத்துக்கும் அறநெறிக் குழுக்கள் ஒப்புதல் தரக் கூடாது.