மாவோரிப் பாடநூல்கள்

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியையும் வரலாற்றையும் பள்ளியில் கற்பிக்க உருவான நூல்கள், இதழ்கள், பாட்டுகள், கருவிகள் ஆகியவற்றின் வரலாறு 1815-ல் தொடங்குகிறது. கிறித்தவ ஊழியர் தாமஸ் கெண்டல் தொகுத்த 'எ கோராவோ நோ நியூ சீலண்ட்' என்ற சிறு பாடநூல் அந்த ஆண்டு சிட்னியில் அச்சானது. அதன் ஒரே ஒரு பிரதிதான் இன்று மிஞ்சியிருப்பதாகத் தெரிகிறது; அது ஆக்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாவோரிக் குழந்தை எதைப் படிக்க வேண்டும், அதை யார் எழுத வேண்டும் என்ற இழுபறி அந்த நூலோடு ஆரம்பித்து இன்றுவரை நீள்கிறது.

1816 ஆகஸ்டில் வடக்கே பே ஆஃப் ஐலண்ட்ஸ் பகுதியில் கெண்டல் 33 பிள்ளைகளோடு ஒரு பள்ளி திறந்தார். பணமும் பொருளும் போதாமல் 1818-ல் அது மூடப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஹோங்கி ஹிகா, வைகாட்டோ என்ற இரு மாவோரித் தலைவர்களை அழைத்துக்கொண்டு அவர் இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சாமுவேல் லீ இவர்களோடு உட்கார்ந்து மாவோரிக்கு ஓர் இலக்கணமும் சொற்பட்டியலும் உருவாக்கினார். 1820-லேயே அது வெளிவந்தது. ஹோங்கிக்கு அந்தப் பயணத்தில் வேறு கணக்கும் இருந்தது. அங்கே கிடைத்த பரிசுகளைத் திரும்பும் வழியில் சிட்னியில் கொடுத்துத் துப்பாக்கிகள் வாங்கிக்கொண்டார்.

அடுத்து வந்தவர் அச்சுத் தொழிலாளி வில்லியம் கொலென்சோ. 1834 கடைசியில் பைஹியாவில் வந்திறங்கி, பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தால் அச்சு இயந்திரம் இருக்கிறது, வேண்டிய பல சாமான்கள் இல்லை, காகிதமும் இல்லை. இருப்பதை வைத்தே 1835-ல் தன் முதல் நூலை மாவோரியில் அச்சிட்டார். 1837-ல் மாவோரிப் புதிய ஏற்பாடு 5,000 பிரதிகள் வந்தன. பள்ளிகளில் வாசிப்பு நூலாக இருந்தவை பெரும்பாலும் இந்த வேத நூல்களே. தமிழருக்கும் கொலென்சோவோடு ஒரு தொடர்பு உண்டு. வாங்காரே பக்கம் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக வைத்திருந்த ஒரு வெண்கல மணியை அவர்தான் கண்டெடுத்தார். முகைதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி என்று பொருள்படும் தமிழ் எழுத்துகள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. இப்போது அது வெலிங்டனில் உள்ள டெ பாபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கிறித்தவ ஊழியர்கள் காலத்தில் நூல்களின் நோக்கம் மதமாக இருந்தாலும் மொழி மாவோரியாக இருந்தது. 1867-ல் வந்த பூர்வகுடிப் பள்ளிகள் சட்டம் அதை மாற்றியது. ஊரார் நிலம் கொடுக்க வேண்டும், செலவிலும் பங்கேற்க வேண்டும். பாடம் மட்டும் ஆங்கிலத்தில்தான். இந்தப் பள்ளிகளின் ஆய்வாளராக 1880-ல் அமர்ந்த ஜேம்ஸ் போப், 1884-ல் மாவோரிப் பிள்ளைகளுக்கென்று சுகாதாரப் பாடநூல் எழுதினார்; அது மாவோரியிலும் வெளிவந்தது. கெட்ட எண்ணத்தோடு எழுதிய நூல் அல்ல. ஆனால் மாவோரியை மாற்றப்பட வேண்டியவராகப் பார்த்துத்தான் அது பேசுகிறது. வகுப்பில் மாவோரி பேசியதற்காக அடி வாங்கியதை அந்தத் தலைமுறையினர் பலர் முதுமையில் சொல்லியிருக்கிறார்கள். தனி அமைப்பாக இயங்கிய இப்பள்ளிகள் 1969 வரை நீடித்தன.

எல்லாக் குழந்தைகளுக்குமாக 1907-ல் அரசு தொடங்கிய 'ஸ்கூல் ஜர்னல்' உலகில் நெடுங்காலம் வெளிவரும் சிறுவர் இதழ்களுள் ஒன்று. ஆரம்ப இதழ்களில் பிரிட்டிஷ் பேரரசின் பெருமை தூக்கலாக இருக்கும். மாவோரி மொழியிலேயே பள்ளி இதழாக 'டெ ஃபாரெகுரா' வெளிவர 1960 ஆக வேண்டியிருந்தது.

இடைப்பட்ட காலத்தில் சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை மாவோரிக் குழந்தைகளுக்கு வேறு விதமாக வாசிக்கக் கற்பித்தார். இங்கிலாந்துப் பாணி வாசிப்பு நூலை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு குழந்தையிடமும் அதற்கு வேண்டிய சொல்லைக் கேட்டு அட்டையில் எழுதிக் கொடுப்பார். அம்மா, பேய், முத்தம் என அச்சமும் ஆசையும் கலந்த சொற்களைக் குழந்தை ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கண்டது. 1963-ல் வந்த அவரது 'டீச்சர்' நூல் வெளிநாடுகளிலும் பெயர் வாங்கியது.

மாவோரி ஒருவரே எழுதி நாடெங்கும் புழங்கிய மொழிப் பாடநூல் ஹோவானி வைட்டிட்டியின் 'டெ ரங்கடாஹி'. முதல் பகுதி 1962-ல் வந்தது. டமாஹாயே என்ற சிறுவனையும் அவன் கூட்டாளிகளையும் வைத்துக் கிராமத்து வாழ்க்கையைச் சொல்லிச் சொல்லியே இலக்கணத்தை நடத்திவிடும். உயர்நிலைப் பள்ளிகளில் பல பத்தாண்டுகள் இது ஓடியது. வைட்டிட்டி 1965-ல், 39 வயதில் இறந்துபோனார்.

இதே காலத்தில்தான் பெரும் சர்ச்சையும் வெடித்தது. நெதர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஒளிப்படக் கலைஞர் ஆன்ஸ் வெஸ்ட்ரா, கிராமத்து மாவோரிக் குடும்பம் ஒன்றின் ஒரு நாளைப் படம்பிடித்து 'வாஷ்டே அட் த பா' என்ற தொடக்கப்பள்ளித் துணைநூலாக்கினார். அது 1964-ல் பள்ளிகளுக்குப் போனது. படங்கள் அழகு, குடும்பத்தில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீடு பழுதடைந்தது. ஒரு படத்தில் பிள்ளை குளிர் தாங்காமல் அடுப்பின் மேல் ஏறி நிற்கிறது. உணவு தொடர்பான விலக்குகளை மதிக்கும் மாவோரிக்கு அது முகம் சுளிக்கவைக்கும் காட்சி. வகுப்பில் இதைப் பார்க்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மாவோரி என்றாலே இப்படித்தான் என்று எண்ணிவிடுவார்கள் என மாவோரிப் பெண்கள் நலச் சங்கம் எதிர்த்தது. கல்வி அமைச்சர் 38,000 பிரதிகளையும் திரும்பப் பெற்று அழிக்க உத்தரவிட்டார். தனியார் பதிப்பகம் அதே ஆண்டில் மறுபதிப்பு போட்டதால் நூல் பிழைத்தது. அரசு செய்தது தணிக்கையா என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் பாடநூலில் தாங்கள் எப்படித் தெரிகிறோம் என்று மாவோரிகள் கேட்ட கேள்விக்கு அரசு இறங்கிவந்த முதல் பெரிய நிகழ்வு இதுதான் என்பதையும் மறுக்க முடியாது.

அதற்குள் மொழி வற்றிக்கொண்டிருந்தது. 1913-ல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் மாவோரி பேசினார்கள். 1975-ல் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியதாகக் கணக்கு. பள்ளிகளில் மாவோரி கற்பிக்கக் கோரி 30,000-க்கு மேற்பட்ட கையெழுத்துகளோடு ஒரு மனு 1972 செப்டம்பரில் நாடாளுமன்றம் போனது. 1982-ல் வெலிங்டன் அருகே வைனுயோமாடாவில் முதல் 'கோஹாங்கா ரெயோ' திறந்தது. பாட்டிமார் மாவோரியிலேயே பேசிக் குழந்தைகளை வளர்க்கும் மழலையர் பள்ளி அது. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கில் பெருகியது. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்காக 1985-ல் மாவோரி வழியில் முதல் தொடக்கப்பள்ளி மேற்கு ஆக்லாந்தில், மரே எனப்படும் ஊர்ப் பொதுக்கூடம் ஒன்றில் நடக்கத் தொடங்கியது. அந்த மரேயின் பெயர் ஹோவானி வைட்டிட்டி.

அந்தப் பள்ளிகளில் புத்தகமே இல்லை. ஆசிரியர்களும் பெற்றோரும் ஆங்கிலக் கதைப் புத்தகங்களை வாங்கி, மாவோரியில் தட்டச்சு செய்த துண்டுத் தாள்களை வரிகளுக்கு மேல் ஒட்டி வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். பள்ளி வெளியீட்டுத் துறையில் பணியாற்றிய ஹிரினி மெல்போர்ன் பறவை, வண்ணத்துப்பூச்சி என்று எழுதிய குழந்தைப் பாட்டுகள் தாளே தேவைப்படாத பாடங்களாக நாடெங்கும் பரவின. பாட்ரிசியா கிரேஸ் எழுதி ரோபின் காஹுகிவா படம் வரைந்த பாட்டியும் சிலந்தியும் கதை 1981-ல் ஆங்கிலத்திலும் மாவோரியிலும் வந்தது.

பெற்றோருக்கே மொழி தெரியாதபோது வீட்டில் யார் பேசுவது? கேட்டரினா மடைரா, ஙோய் பெவாய்ராங்கி இருவரும் நிறுவிய 'டெ ஆடாரங்கி' இதற்கு வழி கண்டது. கணக்குப் பாடத்துக்கென்று பெல்ஜியத்தில் உருவான வண்ணக் குச்சிகள்தான் கருவி. ஆசிரியை சிவப்புக் குச்சி ஒன்றை எடுத்து, 'ஹெ ராகாவ் ஃபெரோ' என்பார். வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஆங்கிலம் கூடாது. பக்கத்தில் இருப்பவர் திணறினாலும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. நோட்டு, பேனா இல்லாமல் வாய்ப்பேச்சு வந்துவிடும்.

1987-ல் மாவோரி ஆட்சிமொழியானது. அதன்பின் அரசுப் பணம் வந்தது. 1991-ல் தொடங்கிய ஹுயா போன்ற மாவோரிப் பதிப்பகங்கள் பாடநூல் வேலையை எடுத்துக்கொண்டன. மாவோரி வழிப் பள்ளிகளுக்குத் தனிப் பாடத்திட்டம் 2008-ல் வந்தது.

மொழியைவிட வரலாறுதான் தாமதப்பட்டது. 1860-களில் அரசுப் படை வைகாட்டோ பகுதியில் நுழைந்த போரைப் பற்றிப் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வரிகூடப் படிக்காமல் பள்ளியை முடித்துவந்தார்கள். ஒடோரோஹாங்கா ஊர் மாணவர்கள் 2014-ல் ராங்கியாவோஃபியா, ஓராகாவ் போர்க்களங்களுக்குப் போய்ப் பெரியவர்கள் வாயால் அந்தக் கதையைக் கேட்டார்கள். பள்ளிக்கு அருகிலேயே நடந்தது தங்களுக்குத் தெரியாமல் போனதே என்ற ஆதங்கத்தில் கையெழுத்து வேட்டை ஆரம்பித்து, 2015 டிசம்பரில் 12,000-க்கு மேற்பட்ட கையெழுத்துகளை நாடாளுமன்றத்தில் ஒப்படைத்தார்கள். நாட்டு வரலாறு கட்டாயப் பாடமாகும் என்று 2019-ல் அரசு அறிவித்தது; 2023 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளியும் தன் வட்டார இனக்குழுவின் வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. ஆகவே ஒரே பாடநூலை நாடெங்கும் அனுப்பிவைத்தால் வேலை முடியாது. பள்ளிகள் மரேயின் கதவைத் தட்ட வேண்டும்.

ஆட்சி மாறியதும் காற்றும் திசை மாறியது. ஆசிரியர்களுக்கு மாவோரி கற்றுத்தரும் திட்டத்தின் 3 கோடி டாலரை 2024-ல் கல்வி அமைச்சர் எரிகா ஸ்டான்ஃபோர்ட் கணித நூல்களுக்குத் திருப்பினார். அந்த நூல்களில் மாவோரி மொழிப் பதிப்பும் அடக்கம். 2025-ல் ஐந்து வயதுக்காரர்களுக்கான 'அட் த மரே' என்ற சிறு ஆங்கில வாசிப்பு நூலை மறுபதிப்பு செய்வதில்லை என்று அமைச்சகம் முடிவெடுத்தது. அதில் மாவோரிச் சொற்கள் அதிகம், எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தை குழம்பும் என்பது சொல்லப்பட்ட காரணம். மாவோரிச் சொற்களை அன்றாடம் வீட்டிலும் கடையிலும் கேட்டு வளரும் குழந்தை குழம்பாது என்று ஆசிரியர்களும் மொழி அறிஞர்களும் மறுத்தார்கள். பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கும் பிரதிகளை வாசிக்கத் தடையில்லை.