எஸ்எஃப்டிபி வழங்கிகளில் பயனர் கட்டுப்பாடு

எஸ்எஃப்டிபி வழங்கிகளில் பயனர் கட்டுப்பாடு என்பது, கோப்புகளை அனுப்பவும் பெறவும் மட்டுமே உரிமை பெற்ற ஒருவர், அவ்வுரிமையையே வாயிலாகக் கொண்டு கணினியின் ஏனைய பாகங்களில் பிரவேசிக்காதவாறும், தமக்கு அனுமதிக்கப்படாத செயல்களைப் புரியாதவாறும் தடுக்கும் ஏற்பாடுகளின் தொகுதியாகும். கோப்புப் பரிமாற்ற நெறிமுறையாகிய எஸ்எஃப்டிபி, தொலைக்கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் நெறிமுறையின் மீதே இயங்குவதாலும், சாதாரணமான எஸ்எஸ்எச் கணக்கு ஒன்று ஆக்ஞைகளை இயக்கும் ஷெல்லையும் சேர்த்தே வழங்குவதாலும், இக்கட்டுப்பாடு அவசியமாகிறது.

பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதை அடுத்து, பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாத்து இலோனென் 1995-இல் எஸ்எஸ்எச் நெறிமுறையை இயற்றினார். இன்று பரவலாக வழங்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளை ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் 1999-இல் வெளியிட்டனர். கோப்புப் பரிமாற்றத்திற்கென்றே கணக்குகளை ஒதுக்க விரும்பிய நிர்வாகிகள் ஆதியில் ஆர்எஸ்எஸ்எச் போன்ற தனி ஷெல்களை நாடினர். 2008-இல் சிரூட்டைரக்டரி என்னும் விதியும், இன்டர்னல்-எஸ்எஃப்டிபி என்னும் உள்ளமைந்த சேவையும் ஓப்பன்எஸ்எஸ்எச்சிலேயே சேர்க்கப்பட்டபின் அவற்றின் தேவை குன்றிற்று.

இம்முறையில், மேட்ச் விதியால் ஒரு பயனர் குழு பிரித்தெடுக்கப்பட்டு, ஃபோர்ஸ்கமாண்ட் விதியால் அக்குழுவினருக்கு இன்டர்னல்-எஸ்எஃப்டிபி ஒன்றே கட்டாயமாக்கப்படுகிறது. சிரூட்டைரக்டரியோ குறித்த கோப்புறையையே அவர்களுடைய சர்வ உலகமாக்கி, அதற்கு அப்பாலுள்ளவற்றை அவர்கள் காண இயலாதவாறு மறைத்துவிடுகிறது. அக்கோப்புறையும் அதற்கு இட்டுச்செல்லும் பாதையின் ஒவ்வொரு படியும் தலைமை நிர்வாகிக் கணக்காகிய ரூட்டுக்கே உரியனவாயும், பிறர் எழுத இயலாதனவாயும் இருத்தல் வேண்டும். இந்நிபந்தனை மீறப்படின் வழங்கி இணைப்பையே துண்டித்துவிடும். ஆகவே, பயனர் எழுதுவதற்கென அதனுள்ளே வேறொரு கோப்புறை அமைத்துத் தருவது வழக்கம்.

செயல்களையும் தனித்தனியே வரையறுக்கலாம். 2010-இல் வெளியான 5.4 பதிப்பில் வாசிப்பு மட்டும் அனுமதிக்கும் தெரிவும், 2014-இல் வெளியான 6.5 பதிப்பில் குறித்த கோரிக்கைகளை விலக்கவோ, அன்றிக் குறித்தவற்றை மட்டும் ஏற்கவோ உதவும் தெரிவுகளும் சேர்க்கப்பட்டன. எனினும் விலக்குப் பட்டியலை மாத்திரம் நம்புதல் விவேகமன்று. ஏனெனில், அழித்தலைத் தடுத்தாலும், எழுதும் உரிமையுள்ள பயனர் கோப்பைத் திறந்து அதன் உள்ளடக்கத்தை வெறுமையாக்கக்கூடும். பெயர்மாற்றத்தை விலக்கினாலும், போசிக்ஸ்-ரீநேம் என்னும் நீட்சி தனியே விலக்கப்படாதவரை அவ்வழி திறந்தே இருக்கும். அனுமதிப் பட்டியலிலோ, பயனர் அறியாமலே அவருடைய மென்பொருள் அனுப்பும், முழுப்பாதையைக் கேட்டறியும் ரியல்பாத் முதலிய கோரிக்கைகளை விட்டுவிட்டால், நியாயமான பணியும் நின்றுபோகும்.

மேற்கூறியவை யாவும் கோப்புகளையும் ஆக்ஞைகளையுமே காக்கும். வழங்கியைப் பாலமாகக் கொண்டு அகவலையமைப்பினுள் புகும் போர்ட் ஃபார்வர்டிங் வசதியைத் தனியே தடைசெய்தாலன்றி, ஷெல் இல்லாத பயனரும் அதனைப் பிரயோகிக்க முடியுமாதலால், அத்தடையையும் சேர்த்து விதித்தபின்னரே இக்கட்டுப்பாடு பூரணமாகும்.