அடிமைக் குன்றில் நல்ல உணவு

அகபா வளைகுடாவுக்கு வடக்கே, திம்னா பள்ளத்தாக்கில் ஒரு மணற்பாறைக் குன்று இருக்கிறது. அதன் உச்சி முழுக்கச் செம்பு உருக்கிய கசடு கறுத்துக் கிடக்கும். ஓரத்தில் சுற்றுமதிலின் இடிபாடு. 1934-ல் அங்கே சென்ற அமெரிக்கத் தொல்லியலாளர் நெல்சன் குளூக் மதிலைப் பார்த்தார், பாலைவனத்து வெயிலைப் பார்த்தார், இப்படியொரு இடத்தில் எவரும் விரும்பி வேலை செய்திருக்க முடியாது என்று முடிவு கட்டினார். மதில் தப்பி ஓடாமல் தடுக்க எழுந்தது என்று கொண்டு 'அடிமைக் குன்று' என்று பெயரும் வைத்தார். விவிலியக் காலத்துக் கைவினைஞர்களைப் பற்றி நம்மில் பலர் மனத்தில் உள்ள சித்திரமும் இதுதான்: அரசன் கட்டினான், கூட்டம் சாட்டைக்குப் பயந்து உழைத்தது. அந்தச் சித்திரம் பாதிதான் உண்மை. தொழில் தெரிந்தவன் அன்று மலிவான ஆள் அல்லன். அரசுகள் அவனைப் பொன்னைப்போல் மதித்தன, பொன்னைப்போலவே கைப்பற்றவும் செய்தன. அவனுக்குக் கிடைத்த மதிப்பும் அவன் இழந்த சுதந்திரமும் ஒரே காரணத்திலிருந்து வந்தவை.

முதல் சான்று அந்தக் குன்றின் குப்பையிலேயே கிடைத்தது. டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் எரெஸ் பென்-யோசெஃப் குழு அங்கே மறுபடி தோண்டியபோது, கரிமக் காலக்கணிப்பு கி.மு. 10-ஆம் நூற்றாண்டைக் காட்டியது. தாவீது, சாலொமோன் ஆகியோரோடு மரபு இணைக்கும் காலம் அது. வறண்ட காற்று மற்ற இடங்களில் மக்கிப்போகும் பொருள்களையெல்லாம் அங்கே காப்பாற்றி வைத்திருந்தது. எலும்புகளை ஆராய்ந்தபோது, வெள்ளாடு, செம்மறியின் நல்ல சதைப்பற்றுள்ள பகுதிகள் உலைக்காரர்களுக்கே போயிருந்தது தெரிந்தது. மத்தியதரைக் கடல் மீனின் எலும்புகளும் இருந்தன. அந்தக் கடலிலிருந்து பாலைவனத்தைக் கடந்து மீன் கொண்டுவந்து சோறு போட வேண்டுமென்றால், உண்பவன் அத்தனை முக்கியமானவனாக இருந்திருக்க வேண்டும். 2021-ல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் சேர்த்தது: கடல் நத்தையிலிருந்து எடுக்கும் அரசச் சிவப்புநீலச் சாயம் தோய்த்த கம்பளித் துணுக்குகள், ஏறத்தாழ கி.மு. 1000-ஐச் சேர்ந்தவை.

இந்த மரியாதைக்குக் காரணம் உலையின் வேலை அப்படிப்பட்டது என்பதே. செம்புக்கல்லைக் கரியோடு கலந்து உலையில் இட்டு, துருத்தியால் காற்றை ஓயாமல் ஊதி, 1,100 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பத்தைப் பல மணி நேரம் குறையாமல் வைத்திருக்க வேண்டும். கசடு இளகி ஓட எந்தக் கல்லை எவ்வளவு சேர்ப்பது, காற்றை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதெல்லாம் கண்ணும் கையும் மட்டுமே அறிந்த கணக்கு. தவறினால் கல்லும் போய் கரியும் போய் ஒரு நாள் உழைப்பும் போகும். பாலைவனத்தில் கரிக்கு மரமே அரிது என்பதையும் நினைக்க வேண்டும். இப்படிப்பட்டவனை அடித்து வேலை வாங்க முடியாது. கசடில் எஞ்சிய செம்பின் அளவு காலப்போக்கில் குறைந்துகொண்டே வந்ததை அதே குழு அளந்து காட்டியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக யாரோ கவனித்துக் கற்றிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இங்கே நியாயமான மறுப்புகள் உண்டு. சாயத் துணி மேற்பார்வையாளருடையதாக இருக்கலாமே என்று கேட்கலாம், இருக்கலாம்தான். ஆனால் உணவுக் கழிவு உலைக்களத்தின் அருகிலேயே கிடந்தது, அதை விளக்க மேற்பார்வையாளர் மட்டும் போதாது. திம்னாவில் உழைத்தவர்கள் பெரும்பாலும் ஏதோமியர், இஸ்ரவேலர் அல்லர் என்பதும் சரியே. ஆனால் தொழில்நுட்பம் எல்லைக் கோட்டில் நிற்பதில்லை, இஸ்ரவேலின் அரசன் அண்டை நாட்டுக் கைவினைஞனையே நாடினான் என்று விவிலியமே சொல்கிறது. சாலொமோனின் ஆலயத்துக்குச் செம்பு வேலை செய்ய தீருவிலிருந்து ஈராம் என்ற வல்லுநன் வந்தான். அதே கட்டுமானத்துக்கு லீபனோனுக்கு அனுப்பப்பட்டவர்களோ 30,000 அமஞ்சி ஆட்கள், அதாவது கட்டாய வேலைக்காரர்கள், என்று அரசர்களின் நூல் கணக்குச் சொல்கிறது. எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. முக்கியம் என்னவென்றால், மரம் வெட்டிச் சுமந்தவர்களுக்கு எண் உண்டு, வார்ப்புத் தொழிலாளிக்குப் பெயர் உண்டு, தாயின் கோத்திரம் உண்டு. எனவே சுரங்கத்தில் கல் பெயர்த்தவர்கள் கட்டாயத்தில் உழைத்தார்கள் என்று ஒருவர் வாதித்தால் நான் மறுக்க மாட்டேன். குளூக்கின் தவறு, கொத்தடிமையையும் உலைக்காரனையும் ஒரே கூட்டமாக எண்ணியது.

ஆனால் பெயர் கிடைத்ததால் விடுதலையும் கிடைத்துவிடவில்லை. கி.மு. 597-ல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். அது பாபிலோனின் சொந்த நாளாகமப் பலகையிலும் பதிவாகியிருக்கிறது. அரசர்களின் நூல்படி, அவன் கொண்டுபோனவை பொக்கிஷம், யோயாக்கீன் என்ற அரசன், போர்வீரர், கூடவே தச்சரும் கொல்லரும் 1,000 பேர். ஏழைகளை நாட்டிலேயே விட்டுவிட்டான். அதாவது வெற்றிபெற்றவன் யாரை எடுப்பது, யாரை விடுவது என்று பட்டியல் போட்டிருக்கிறான். கொல்லன் போனால் ஆயுதமும் இல்லை, ஏர்க்கொழுவும் இல்லை. கலகம் எழுந்தாலும் கையில் பிடிக்க எதுவுமில்லை. பெலிஸ்தர் இஸ்ரவேலில் கொல்லர் இருக்கவிடாமல் செய்தார்கள் என்று சாமுவேலின் நூல் சொல்வதும் இதே கணக்கைத்தான்.

விவிலியத்தின் எண்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பதை இங்கே மறைக்கக் கூடாது. ஒரு இடத்தில் நாடுகடத்தப்பட்டோர் 10,000, எரேமியாவின் நூலில் அதே நிகழ்ச்சிக்கு 3,023. ஆனால் எண்ணிக்கையின் தகராறு கொண்டுபோகப்பட்டவர்களின் வகையை மாற்றுவதில்லை. பாபிலோன் அரண்மனையில் கிடைத்து, எர்ன்ஸ்ட் வெய்ட்னர் 1939-ல் வெளியிட்ட களிமண் பலகைகளில் எண்ணெய்ப் படி வாங்கியவர்களின் கணக்கு உள்ளது. அதில் யூதாவின் அரசன் யோயாக்கீனும் ஐந்து மகன்களும் இருக்கிறார்கள். அதே கணக்கில் பிப்லோஸ், அர்வாத் தச்சர்களும், கிரேக்கத் தச்சர்களும் வருகிறார்கள். பிடிபட்ட அரசனும் பிடிபட்ட தச்சனும் ஒரே களஞ்சியத்தின் பதிவில், இருவருமே வீடு திரும்ப முடியாதவர்களாக.

இன்னொரு எதிர்வாதம் கி.மு. 180 வாக்கில் எழுதப்பட்ட சீராக்கின் ஞானத்திலிருந்து எழும். குயவனும் கொல்லனும் இல்லாமல் நகரம் நிலைக்காது என்று ஒப்புக்கொள்ளும் அந்த நூலே, அவர்கள் ஆலோசனை சபையில் உட்கார அழைக்கப்படுவதில்லை என்கிறது. அது உண்மையான சமூகப் படம். ஆனால் எழுதியவர் எழுத்தறிந்த வகுப்பின் ஆள், தம் தொழிலை உயர்த்திக் காட்ட எழுதுகிறார். அவரது பார்வைக்கு எதிரே, கைவினைஞரே விட்டுச்சென்ற ஒரு பதிவை வைக்கலாம். எருசலேமின் சீலோவாம் நீர்ச்சுரங்கம் 533 மீட்டர் நீளம், யூதாவின் அரசன் எசேக்கியா காலத்தது என்று பெரும்பாலும் கருதப்படுகிறது. 1880-ல் அதன் சுவரில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு, இருபக்கமும் தோண்டி வந்த கல்தச்சர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்ட தருணத்தையும், கோடரிகள் சந்தித்ததையும் சொல்கிறது. எஞ்சியிருக்கும் வரிகளில் அரசன் பெயரே இல்லை. சபையில் இடம் மறுக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் வேலையின் பெருமை தெரியாமல் இல்லை.

பெருமையும் குடும்பமும் சேர்ந்தே இருந்தன. நாளாகம நூலில் அரசனுக்கு வேலை செய்த குயவர் குடியிருப்பும் மெல்லிய சணல்துணி நெய்யும் குடும்பங்களும் குறிக்கப்படுகின்றன. எசேக்கியா காலத்தில் அரசனுக்குரியவை என்று முத்திரையிடப்பட்ட சாடிக் கைப்பிடிகள் யூதா முழுக்கக் கிடைத்துள்ளன, மண்ணின் வேதியியல் ஆய்வு அவற்றை ஒரே வட்டாரத்துக் குயவர் கைக்குக் கொண்டுபோகிறது. எரேமியா காலத்து எருசலேமில் அப்பஞ்சுடுவோருக்குத் தனித் தெருவே இருந்தது. இந்தத் தொழில்கள் நாடுகடத்தலில் அழிந்து போயினவா? நெகேமியாவின் நூல், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டியவர்களின் பட்டியலில் தட்டாரையும் நறுமணத் தைலக்காரரையும் சேர்த்தே சொல்கிறது. கல்லடுக்குவது அவர்கள் தொழில் அல்ல, ஆனாலும் தங்கள் தொழிலின் பெயராலேயே அங்கே நின்றிருக்கிறார்கள்.