கடிதமும் காவலும்: மலைநாட்டுத் தோட்டத் தபால் பற்றிய ஓர் ஆராய்வு

ஒரு நாட்டின் நாகரிகத்தை அளந்தறிதற்குரிய அளவுகோல்கள் பல. அரண்மனைகளும் அணைக்கட்டுகளும் அவற்றுட் சில. அவற்றினும் நுண்ணியதொன்று உண்டு. ஓர் ஏழைத் தாய் தன் மகனுக்கு விடுக்கும் கடிதம், இடையிலே எவராலும் பிரிக்கப்படாமலும் தடுக்கப்படாமலும் அவன் கையைச் சேர்கின்றதா என்பதே அது. கடிதத்தைச் சுமப்போர் பலர். திறக்கும் உரிமையுடையோன் ஒருவனே. இவ்விரு திறத்தாருக்கும் இடையே வேலியிடுவது யார்? அவ்வேலியைத் தாண்டும் அதிகாரம் எவருக்கேனும் உண்டா? இவ்வினாக்களைக் கண்டி மலைநாட்டுத் தோட்டத் தபாலைக் கொண்டும், நம் காலத்துக் கணினி அஞ்சலைக் கொண்டும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1815ஆம் ஆண்டிலே கண்டியரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் சிறைபிடிக்கப்பட்ட மெதமகாநுவரப் பகுதி, ஹுன்னஸ்கிரியவுக்கு அண்மையிலுள்ள மலைப்புறமாகும். காடும் மலையும் அரணாக நின்ற அந்நாட்டை ஆளுதற்குப் பாதையும் தபாலும் இன்றியமையாதனவாயின. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1857இல் இலங்கையின் முதலாவது தபால் முத்திரை வெளிவந்தது. 1867இல் புகையிரதப் பாதை கண்டியை அடைந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கவே, தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது.

கண்டியிலிருந்து தெல்தெனிய வழியாக மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்தது ஹுன்னஸ்கிரிய. முன்னர்க் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் விளைந்த இத்தகைய மலைப்பகுதிகளுக்கு, மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். கடலுக்கு அப்பால் விட்டுவந்த உறவினரோடு அவர்களைப் பிணைத்த நூல் கடிதமே. ஊரில் நேர்ந்த பிறப்பும் இறப்பும், நிலத்தின் அடைமானமும், மகளின் திருமணமும் அக்கடிதத்தின் வாயிலாகவே தெரியவந்தன.

அக்கடிதம் சென்ற வழியை நோக்குவோம். அரசாங்கத் தபாற் சேவகன் தொழிலாளரின் லயத்து வாயில் வரை செல்வதில்லை. தோட்டத்தினின்றும் புறப்படும் தபாற்காரன் ஒருவன், அண்மையிலுள்ள தபாற் கந்தோருக்கு நடந்து சென்று, தோட்டத்துக்குரிய பையைச் சுமந்து மீள்வான். அவன் தபாற் பகுதியின் ஊழியனல்லன், தோட்டத்தின் ஊழியன். பை துரையின் அலுவலகத்தை அடையும். துரைக்குரியனவும் தொழிலாளருக்குரியனவும் ஆண்டே பிரிக்கப்படும். பின்னர்க் கணக்கப்பிள்ளை, கங்காணி முதலியோர் கைமாறி, கடிதம் உரியவனிடம் வந்துசேரும். பை அலுவலகத்தை அடைந்த பொழுதிலிருந்து கடிதம் லயத்தை அடையும் வரை, அதற்குக் காவலாக நின்றது அலுவலகத்தாரின் நேர்மை ஒன்றேயாம்.

இந்நிலைக்குச் சட்டம் இடந்தந்தது எங்ஙனம்? கடிதத்தின் மறைவைக் காத்தல் அரசின் கடமை என்னும் கொள்கை எளிதில் வேரூன்றியதன்று. 1844இல், இலண்டனில் வாழ்ந்த இத்தாலிய நாட்டுப் பற்றாளர் மாத்சினியின் கடிதங்கள், உள்நாட்டு அமைச்சர் சேர் ஜேம்ஸ் கிரகாமின் ஆணைப்படி தபாற் கந்தோரிலே பிரித்துப் படிக்கப்பட்டமை வெளியாயிற்று. ஐயுற்ற மாத்சினி, உறையினுள்ளே விதைகளையும் மணலையும் இட்டுச் சோதித்தார் என்பர். பாராளுமன்றத்திலே பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதன்பின் பேரரசின் தபாற் சட்டங்கள், கடிதத்தைப் பிரிக்கும் தபாலூழியனைத் தண்டிக்கும் விதிகளைக் கொண்டிருந்தன. 1898ஆம் ஆண்டின் இந்தியத் தபாற் சட்டத்தில் இதனைக் காணலாம். இலங்கையிலும் 1908ஆம் ஆண்டில் தபாற் கந்தோர்க் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது.

ஆயின், ஒரு நுட்பம் கருதற்பாலது. மேற்கூறிய இந்தியச் சட்டத்தின்படி, கடிதத்தைப் பெறுநரின் இல்லத்திலோ அலுவலகத்திலோ, அவருடைய பணியாளிடமோ முகவரிடமோ சேர்ப்பித்தலும் அவரிடமே சேர்ப்பித்தலாகக் கருதப்பட்டது. சொந்த வீடும் சொந்தப் பணியாளும் உடையவனுக்கு இவ்விதி வசதியாக இருந்தது. தோட்டத்துத் தொழிலாளிக்கோ நிலை தலைகீழாயிற்று. அவனுடைய கடிதத்தைப் பெற்றவர் அவனுடைய பணியாளர் அல்லர், அவனுடைய எசமானர். தபாற் பகுதியின் கடமை எசமானரின் மேசையோடு முடிவுற்றது.

அம்மேசைக்கும் லயத்துக்கும் இடையிலே வேறெவரும் புகவும் இயலாதிருந்தது. தோட்டம் தனியார் நிலம். அழையாது நுழைவோர் மீது அத்துமீறல் வழக்குத் தொடரலாம். தொழிலாளரின் நிலையை நேரில் அறிய விரும்பிய கோ. நடேசையர் புடைவை வணிகர் போல வேடம் பூண்டு தோட்டங்களுட் புகுந்தமை மலையக வரலாறு கற்போர் நன்கறிந்தது. 1931இல் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய அப்பெருமகனாருக்கே வாயிலைக் கடக்க வேடம் வேண்டியிருந்ததெனின், ஒரு சங்கக் கடிதம் அவ்வாயிலைக் கடப்பது எத்துணை அரிது என்பதை உய்த்துணரலாம்.

கடிதத்தின் பெறுமதி பின்னர் மேலும் உயர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையக மக்கள் நாடற்றவராயினர். 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்று வகுத்து, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர்த் தீர்மானிக்க விட்டது. விண்ணப்பம், விசாரணை, கடவுச்சீட்டு ஆகிய யாவும் கடிதத்தால் நடந்த காலம் அது. ஓர் உறை சில கிழமைகள் மேசையிலே தங்கினால், ஒரு குடும்பத்தின் நாடே மாறக்கூடும். பிற்காலத்திலும், நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நாள் கடந்தபின் கைக்குக் கிடைத்தது என்னும் முறைப்பாடு மலையக இளைஞரிடையே கேட்கப்பட்டு வந்துள்ளது.

இனி, இதே வினா கணினித் துறையிலே எழுந்தவாற்றைக் காண்போம். 1980களில் கணினிகளுக்கிடையே அஞ்சலைச் சுமந்த செய்நிரல்களுட் பெருவழக்குற்றது சென்ட்மெயில். அது பெரும்பாலும் கணினியின் முழு அதிகாரத்தோடு இயங்கிற்று. அஞ்சற்காரனிடமே வீட்டின் எல்லாத் திறவுகோல்களையும் ஒப்படைத்தமை போன்றது அது. 1988 நவம்பர் 2ஆம் நாள் பரவிய மொறிஸ் புழு என்னும் தீநிரல், அதிலிருந்த ஒரு திறப்பையும் வழியாகக் கொண்டு பல்லாயிரம் கணினிகளை முடக்கியது.

இதனின்றும் அறிஞர் இரு படிப்பினைகளைப் பெற்றனர். முதலாவது, வேலையைப் பகுத்தல். 1998இல் வீட்சே வெனேமா வெளியிட்ட போஸ்ட்பிக்ஸ் என்னும் அஞ்சல் அமைப்பிலே, வாயிலில் பெறுவது ஒரு நிரல், வரிசைப்படுத்துவது வேறொன்று, பெட்டியிலே சேர்ப்பது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தன் வேலைக்கு வேண்டிய அளவே உரிமை உண்டு. இரண்டாவது, கட்டாய அணுகற் கட்டுப்பாடு. பொருளின் உடைமையாளன் தன் விருப்பப்படி பிறருக்கு உரிமை வழங்குதல் பழைய முறை. கட்டாய முறையிலோ, விதியை அமைப்பே வகுக்கும்; உடைமையாளனும் செய்நிரலும் அதனை மீறவியலா. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000ஆம் ஆண்டிலே வெளியிட்ட எஸ்.ஈ. லினக்ஸ் இம்முறையைத் தழுவியது. ஆண்டு ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் அடையாளச் சீட்டு இடப்படும். எச்சீட்டுடையது எச்சீட்டுடையதைத் தொடலாம் என்று விதி வெளிப்படையாகக் கூறும். கூறப்படாத யாவும் விலக்கப்பட்டனவே. வாயிலில் அஞ்சல் பெறும் நிரல் பகைவர் கைப்பட்டாலும், பயனாளரின் பெட்டியை அது திறத்தல் அரிது.

இவ்விரு முறைகளையும் ஒப்புநோக்குங்கால் தோட்டத் தபாலின் குறை தெளிவாகும். அது விருப்பத்தின்மேல் நின்ற முறை. நல்ல துரை வாய்த்த தோட்டத்திலே கடிதம் அன்றே சேர்ந்தது. அல்லாத இடத்திலே சேரவில்லை. எழுத்தறியாத தொழிலாளிக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டி, பதிலும் எழுதிக் கொடுத்த கணக்கப்பிள்ளைமாரும் ஆசிரியரும் பலர். அவர்தம் உதவி போற்றத்தக்கது. எனினும், ஒருவனுடைய உரிமை மற்றொருவனுடைய நற்குணத்தைச் சார்ந்து நிற்குமாயின், அது உரிமையன்று, சலுகையேயாம்.

லயங்கள் மலைகளிலே சிதறிக் கிடந்தன. வீட்டுக்கு இலக்கமில்லை, பாதைக்குப் பெயரில்லை. ஆதலின் அலுவலகத்திலே சேர்ப்பதன்றித் தபாற் பகுதிக்கு வேறு வழியில்லை என்று கூறுவாருமுளர். இக்கூற்றில் உண்மையுண்டு. நோயின் மூலத்தைக் காட்டுவதும் அக்கூற்றேயாகும். கணினியிலே ஒரு பொருளுக்கு உரிய சீட்டு இடப்பட்டாலன்றி, அப்பொருளுக்கென வகுத்த விதி அதனைச் சென்றடையாது. முகவரியற்ற மனிதனும் அத்தகையனே. ஆயிரக்கணக்கானோர் ஒரே தோட்டப் பெயரால் அறியப்படும்பொழுது, கடிதம் அப்பெயருக்குரிய மேசையைத்தான் சென்றடையும்.

1975இல் தோட்டங்கள் தேசியமயமாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. வாக்குச்சீட்டுப் பெற்றவன் வாசலிலே இலக்கமும் பெறுதல் முறையன்றோ? ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி முகவரி, அம்முகவரி வரை அரசாங்கத் தபாற் சேவகன், இடையில் எவர் கையும் படாத விதி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும். முதலாவது இன்றி ஏனைய இரண்டும் நில்லா. மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகும் மாணவர், ஊதியத்தையும் வாக்குரிமையையும் ஆராய்வதோடு அமையாது, ஒரு கடிதம் தபாற் கந்தோரினின்றும் லயத்துக்குச் சென்ற அச்சிறு வழியையும் ஆராய்வாராக. அவ்வழியின் ஒவ்வொரு திருப்பத்திலும் அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பது ஆண்டுப் புலனாகும்.