கம்பெல் இல்லம்

கம்பெல் இல்லம் கனடாவின் ரொறன்ரோ நகரில், குயீன் வீதியும் யூனிவேர்சிற்றி அவெனியூவும் சந்திக்கும் மூலையில் உள்ள இருமாடிச் செங்கல் வீடு. நீதிபதி வில்லியம் கம்பெலுக்கும் அவர் மனைவி ஹன்னாவுக்குமாக 1822இல் கட்டப்பட்டது. ஸ்கொற்லாந்தில் பிறந்த கம்பெல் 1825இல் அப்பர் கனடாவின் தலைமை நீதியரசரானார், 1834இல் இறந்தார். யோர்க் என்ற ஊர் ரொறன்ரோ என்னும் பெயரோடு நகரமானதும் அதே ஆண்டில்தான்.

1714 முதல் 1830 வரை பிரித்தானியாவை அடுத்தடுத்து ஆண்ட நான்கு ஜோர்ஜ் மன்னர்களின் பெயரால் இவ்வகைக் கட்டடங்கள் ஜோர்ஜியப் பாணி எனப்படுகின்றன. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ 16ஆம் நூற்றாண்டில் வகுத்த சமச்சீர் நெறி இப்பாணியின் அடிப்படை. கம்பெல் இல்ல முகப்பின் நடுவே ஒரு கோடு இழுத்தால் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். மேலே ஐந்து யன்னல்கள். கீழே நடுவில் வாசல், அதன் இருபுறமும் இரண்டிரண்டு யன்னல்கள். கூரையோரத்தில் முக்கோண முகடு, அதனுள் முட்டை வடிவச் சிறு யன்னல். இதற்கு மேல் பெரிய அலங்காரம் இல்லை. சுவருக்கும் திறப்புக்கும் இடையிலான அளவுப் பொருத்தமே இந்த வீட்டின் அழகு. பெரிய கண்ணாடித் தகடு அக்காலத்தில் அரிது, விலையும் அதிகம். யன்னல்கள் சிறு சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பது அதனால்தான்.

உள்ளேயும் அதே ஒழுங்கு தொடர்கிறது. நடுக்கூடத்தின் இருமருங்கிலும் வரவேற்பறையும் சாப்பாட்டறையும். மேல்மாடியில் நடனக் கூடம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு நடுமுற்றத்தின் வழியே வெளிச்சத்தையும் காற்றையும் பெறுகிறது. பனிக்காலம் நீண்ட ஒன்ராறியோவில் திறந்த முற்றத்துக்கு வழியில்லை. வீடு ஒரு பெட்டியைப் போல மூடிக்கொள்கிறது. அறைகளைக் கணப்படுப்புகள் சூடாக்குகின்றன. வெளிச்சம் முழுவதும் வெளிச்சுவர் வழியாகவே வர வேண்டும். யன்னல் வரிசை வெறும் தோற்றத்துக்காக அமைந்ததன்று.

வீடு முதலில் நின்றது இப்போதைய அடிலெயிட் வீதியில், பிரெடெரிக் வீதியின் தலைமாட்டில். ஏரிக்கரையிலிருந்து அவ்வீதியில் ஏறி வருபவருக்கு நேர் எதிரே அதன் முகப்பு தெரியும். 20ஆம் நூற்றாண்டில் அது ஒரு வாழ்த்தட்டை நிறுவனத்தின் கைக்கு வந்து, இடிபடும் நிலைக்கு வந்தது. வழக்கறிஞர் சங்கம் ஒன்று முன்வந்து, 1972 மார்ச் 31, பெரிய வெள்ளியன்று, ஏறக்குறைய 300 தொன் எடையுள்ள வீட்டை முழுதாக உருட்டிச் சென்று, 1.6 கிலோமீற்றர் தொலைவில் இன்றைய இடத்தில் புது அத்திவாரத்தின் மேல் இருத்தியது. சாந்தும் கல்லுமாகப் பிணைந்த 150 ஆண்டுச் சுவரைக் குலையாமல் நகர்த்தியது பெரும் சாதனை. வீடு 1974இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இந்த இடமாற்றத்தில் முகப்பு தப்பியது, அதற்கு நேரே நீண்ட வீதி தப்பவில்லை. எனினும் நீதிபதியின் வீட்டுக்கு இப்போது எதிர்ப்புறத்தில் நீதிமன்றங்கள் அமைந்த ஒஸ்குட் மண்டபம் அயலாகியிருக்கிறது. ஜோர்ஜிய வீடொன்று தன் முன்வெளியோடு நிற்பதைக் காண, ஏறத்தாழ 1817இல் போல்ட்டன் குடும்பத்தாருக்குக் கட்டப்பட்ட கிரேஞ்ச் என்னும் செங்கல் வீட்டுக்குச் செல்லலாம். பின்புறம் ஒன்ராறியோ கலைக்கூடத்தோடு இணைந்துவிட்டபோதும், முன்னால் பூங்காவாகப் பரந்திருக்கும் புல்வெளியைப் பார்த்தபடி அது கட்டிய இடத்திலேயே நிற்கிறது.