கோணமலைக் கருமணலும் ஒளி பதியும் பளிங்கும்

விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் பணித்தனர். கோணேசர் கோயிலுக்குக் குளக்கோட்டன் செய்த திருப்பணியையும் அதைப் போர்த்துக்கேயர் இடித்த கதையையும் திருகோணமலை ஊராருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணலிலிருந்து தொடங்குகிறேன்.

ஞானசம்பந்தப் பெருமான் கோணமாமலைப் பதிகத்தில், கடல் முத்தைக் கொழித்து ஒதுக்குவதைப் பாடினார். திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில் அக்கடல் இன்றும் அதே தொழிலைச் செய்கிறது. அலை இலேசான மணலை அள்ளிச் செல்ல, பாரமான கருமணல் கரையில் தங்குகிறது. அதில் ஏறத்தாழ 70 வீதம் இல்மனைற்று. இரும்பும் டைட்டானியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். 1957இல் கனிமமணல் கூட்டுத்தாபனம் எழுந்தது; இக்கனிமம் கப்பலேறிப் போகிறது. உலகில் இல்மனைற்றின் பெரும்பகுதி வெள்ளைச் சாயமாகவே முடிகிறது. ஆனால் தூய டைட்டானியம் ஒட்சைட்டைப் பிசுமத் ஒட்சைட்டோடு உருக்கி வளர்த்தால் கிடைக்கும் பளிங்கு, ஒளியைத் தன்னுள் பதித்துக்கொள்ளும்.

இவ்வியல்பு வேறொரு பளிங்கில் முதலில் தென்பட்டபோது குற்றமாகவே எண்ணப்பட்டது. 1966இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆஷ்கினும் துணைவர்களும் இலித்தியம் நயோபேற்றுப் பளிங்கினூடே லேசர் செலுத்தியபோது கதிர் சிதைந்தது. ஒளியால் வந்த சேதம் என்றே எழுதிவைத்தார்கள். இரண்டே ஆண்டில் அந்தச் "சேதத்தில்" முப்பரிமாணப் படம் பதியப்பட்டது.

மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் படிகத்தை உவமை காட்டுவார். அது காட்டும் பல நிறமும் சார்ந்த பொருளின் நிறமே, படிகத்தினுடையதன்று. நம் பளிங்கோ சார்ந்ததைச் சில காலம் பிடித்தும் வைக்கிறது. பொருளில் பட்டுத் தெறித்த கதிரும் நேரே வந்த கதிரும் உள்ளே சந்திக்க, ஒளியும் இருளுமாய் வரிகள் விழும். ஒளிவரியில் விடுபட்ட இலத்திரன்கள் இருள்வரியில் போய்ச் சிக்கும். அதனால் எழும் மின்புலம் பளிங்கின் முறிவுச் சுட்டியை வரிவரியாக மாற்றும். படச்சுருளும் வேண்டாம், கழுவும் மருந்தும் வேண்டாம். சீரான ஒளி பட்டால் பதிவு அழிந்து, அடுத்ததற்குப் பளிங்கு ஆயத்தம்.

சற்றே வேறுபட்ட இரு அலைநீளங்களால் ஒரு பொருளைப் பதிந்தால், நில அளவைப் படத்தில் மலைக்கு வரும் சமவுயரக் கோடுகள்போல அதன் உருவத்தின்மேல் கோடுகள் படியும். அலைநீள வேறுபாடு கூடக் கூடக் கோடுகள் நெருங்கும். பிரேசில் நாட்டு ஆய்வாளர் இதில் வல்லவர்கள்.

திருகோணமலைப் பிரெடெரிக் கோட்டை வாயிலில் இணைக்கயல் பொறித்த கல் உண்டு. அதன் எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படிக்க முயன்றவர் அறிவர்: எழுத்து எது, கல்லின் பொரிவு எது என்று பிரிக்க இயலாது. அந்த மேடுபள்ளத்தை மேற்சொன்ன கோடுகள் காட்டலாம். ஆனால் இம்முறை அதிர்வைச் சகியாது. வாகனம் போய்வரும் வாயிலில் பயன்படாது. கல்லின் அச்சுவார்ப்பை ஆய்வுகூட மேசையில் வைத்து அளக்கலாம். கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் பௌதிகவியல் பயிலும் பிள்ளைகள் ஒரு சிறு பளிங்கையும் அதிர்வற்ற மேசையையும் கேட்டு வாங்கட்டும். அச்சுவார்ப்புக்கு அனுமதி தரும்படி தொல்பொருளியல் திணைக்களத்தாரை வேண்டுவது ஊர்ப் பெரியோர் பொறுப்பு.