மணிக்கூடும் நித்திரையும்

மன்னரது ஆட்சியும் போரும் உடன்படிக்கையுமே வரலாறு என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. மனிதன் தன் ஆயுளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை நித்திரையிற் கழிக்கின்றான். ஆயினும் அவன் எப்பொழுது படுத்தான், எப்பொழுது எழுந்தான், அவ்விரண்டையும் அவனுக்கு விதித்தது யாது என்னும் வினாக்களை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

யாழ்ப்பாணத்தவரின் நித்திரைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1906 ஆம் ஆண்டில் இலங்கைக்குப் பொதுநேரம் ஒன்று வகுக்கப்பட்டது. அன்று தொட்டு 2006 ஆம் ஆண்டு வரையான நூறாண்டுள் இந்நாட்டு மணிக்கூடு ஆறு முறை முன்னும் பின்னுமாக நகர்த்தப்பட்டது. அவ்வாறு முறையும் ஞாயிறு தன் நேரத்திலேயே உதித்தது. மாந்தர் உடலும் ஞாயிற்றையே பின்பற்ற முயன்றது. மணிக்கூட்டுக்கும் உடலுக்கும் இடையே நிகழ்ந்த இப்பிணக்கை ஆராய்தல், பரீட்சைக்காக நித்திரையைத் துறக்கும் இன்றைய மாணவருலகிற்குப் பெரிதும் பயன்படும்.

நாழிகைக் காலம்

நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். ஏழரை நாழிகை கொண்டது ஒரு சாமம். பகலுக்கு நான்கு சாமம், இரவுக்கு நான்கு சாமம். நாள் நள்ளிரவிற் பிறப்பதன்று, ஞாயிற்றின் உதயத்தோடு பிறப்பது என்பதே அவர்தம் கொள்கை. பஞ்சாங்கங்கள் உதயாதி நாழிகை என்று கணக்கிடும் மரபு இதனின்றும் எழுந்ததாகும். கோயில்களிற் பள்ளியறைப் பூசையோடு இரவு அடங்கிற்று. திருப்பள்ளியெழுச்சியோடு வைகறை புலர்ந்தது. மார்கழியிற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடி வீதிவலம் வருவோர் ஊரைத் துயிலெழுப்பும் வழக்கம் நம் கிராமங்களில் நன்கறியப்பட்டதே. இறைவனுக்கும் பள்ளிகொள்ளும் பொழுது ஒன்றை வகுத்த சமுதாயம், நித்திரையைச் சோம்பலின் வேறாக, ஒழுங்கின் ஓர் உறுப்பாகக் கொண்டதென்பது தெளிவு.

மருத்துவ நூலோர் கருத்தும் இதனோடு ஒத்ததே. உடலைத் தாங்கும் மூன்று தூண்களுள் உணவை அடுத்து நித்திரையை வைத்தது சரக சங்கிதை. அடக்கத் தகாத பதினான்கு வேகங்களுள் ஒன்றாக நித்திரையை எண்ணிற்று சித்த மருத்துவம். சைவ சித்தாந்த நூல்களும் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என அவத்தைகள் ஐந்தனை வகுத்து, கனவுடைய நித்திரையையும் கனவற்ற நித்திரையையும் வேறுபிரித்துக் காட்டின.

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) சைவப் பிள்ளைகளின் பொருட்டு எழுதிய சைவ வினாவிடையில், ஞாயிறு உதிக்க ஐந்து நாழிகைக்கு முன்னரே நித்திரை விட்டெழல் வேண்டும் என விதித்தார். ஐந்து நாழிகையாவது இரண்டு மணித்தியாலம். இவ்விதி மணிக்கூட்டு முள்ளைப் பற்றியதன்று; உதயத்தைப் பற்றியது என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. எண்ணெய் விளக்கொன்றே இரவுக்குத் துணையாயிருந்த அக்காலத்தில், அந்திப் பூசையும் இரவுணவும் முடிந்தபின் விழித்திருப்பதற்குக் காரணம் சிலவே. வைகறையில் எழுந்தோர் முதற் சாமம் கழியுமுன் படுத்தோரே.

புகையிரதமும் பொதுநேரமும்

பாடசாலை, நீதிமன்றம், கச்சேரி ஆகியவை மணியோசைக்கு இயங்கத் தொடங்கிய காலை, மணிக்கூடு நம்மவர் வாழ்விற் புகுந்தது. 1905 ஆம் ஆண்டிற் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே புகையிரதம் ஓடத் தலைப்பட்டது. அடுத்த ஆண்டு சனவரி முதலாம் நாள் தொடக்கம், கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முற்பட்ட பொதுநேரம் இலங்கை முழுவதற்கும் உரியதாயிற்று.

இம்மாற்றத்தால் நித்திரைக்குப் பெருங்கேடு விளையவில்லை. யாழ்ப்பாண நகரம் கிழக்கு நெடுங்கோடு 80 பாகைக்கு அணித்தாக உள்ளது. அந்நெடுங்கோட்டுக்குரிய ஞாயிற்று நேரம் கிறீனிச்சுக்கு ஐந்து மணி இருபது நிமிடம் முற்பட்டது. எனவே பொதுநேரத்துக்கும் ஞாயிற்று நேரத்துக்கும் உள்ள வேறுபாடு பத்து நிமிடமேயாம். இந்நேரப்படி நம் நாட்டில் ஞாயிறு உதிப்பது வைகாசியில் ஏறத்தாழ 5.50 மணிக்கும், தை மாதப் பிற்பகுதியில் ஏறத்தாழ 6.30 மணிக்கும் ஆகும்.

போர்க்கால மணிக்கூடு

கோடையில் மணிக்கூட்டை முன்தள்ளிப் பகலொளியைச் சேமிக்கலாம் என்று 1907 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் வில்லெற் என்பார் ஒரு பிரசுரம் வெளியிட்டார். முதலாம் உலகப்போரின்போது, 1916 இல், ஜெர்மனி அதனை நாடளாவிய சட்டமாக்கிற்று. இலண்டனில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ பதினாறரை மணித்தியாலம். மிகக் குறுகிய பகல் எட்டுக்கும் குறைவு. அத்தகைய நாட்டில் இவ்வேற்பாட்டிற்கு ஒரு நியாயம் உண்டு. யாழ்ப்பாணத்திலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமேயன்றி வேறில்லை. சேமித்தற்கு இங்கு மிகையான வைகறையொளி இல்லை.

ஆயினும் இரண்டாம் உலகப்போர் கீழ்த்திசைக்குப் பரவிய 1942 ஆம் ஆண்டில், சனவரியில் அரை மணித்தியாலமும் செப்டெம்பரில் மேலும் அரை மணித்தியாலமுமாக இலங்கை மணிக்கூடு முன்தள்ளப்பட்டது. 1945 ஒக்டோபரிலேயே அது பழைய நிலைக்கு மீண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், தை மாதத்து யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு ஏழரை காட்டும் வேளையிலேயே ஞாயிறு உதித்தது. விடியுமுன் துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீரிறைத்த கமக்காரனுக்கு இம்மாற்றம் ஒரு பொருட்டன்று. அவன் மணிக்கூட்டைப் பார்த்து எழுந்தவனல்லன். மணியோசைக்குக் கட்டுப்பட்ட எழுதுவினைஞரும் ஆசிரியரும் மாணவருமே இருளில் எழ நேர்ந்தவர்.

ஒரு நாட்டில் இரு நேரம்

நான்காம் மாற்றம் 1996 இல் வந்தது. மழை பொய்த்து நீர்மின் உற்பத்தி குன்றியமையால், மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் நோக்குடன் அவ்வாண்டு மே மாதம் 25 ஆம் நாள் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணித்தியாலம் பத்தாண்டு நிலைத்தது.

அக்காலை குடாநாடு இருந்த நிலையை எண்ணுக. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாளின் பேரிடப்பெயர்வுக்குப் பின்னர் மக்கள் தம் இல்லங்களுக்குச் சிறிது சிறிதாக மீண்டுகொண்டிருந்தனர். 1990 தொடக்கம் பெரும்பாலும் மின்சாரமின்றி மண்ணெண்ணெய் விளக்கில் வாழ்ந்த ஊர் இது. மின்விளக்கே எரியாத வீடுகளிலும் மின்சாரச் சிக்கனத்துக்கென்று மணிக்கூடு நகர்ந்தது! அரச கட்டுப்பாட்டுக்குட்பட்ட குடாநாடு புதிய நேரத்தை ஏற்க, விடுதலைப் புலிகளின் ஆளுகையிலிருந்த வன்னி பழைய நேரத்தையே கைக்கொண்டது. 2002 இல் போர்நிறுத்தத்தின் பின் கண்டி வீதி திறக்கப்பட்டபோது, முகமாலையைக் கடந்து சென்ற பயணி தன் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்தள்ளவும், ஓமந்தையைக் கடந்தபின் மீண்டும் முன்தள்ளவும் வேண்டியிருந்தது.

மணிக்கூட்டினும் கொடிதாக நித்திரையைப் பறித்தது போரேயாம். எறிகணை ஓசைக்குச் செவிகொடுத்தும், பதுங்குகுழியிற் குழந்தைகளை அணைத்தபடியும் கழிந்த இரவுகளுக்குக் கணக்கில்லை. போர் மனத்தில் விளைத்த வடுக்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ஆராய்ந்து நூல்கள் எழுதியுள்ளார். நித்திரைக் குலைவும் கொடுங்கனவும் அத்தகைய வடுக்களின் முதன்மையான அறிகுறிகளுள் அடங்கும் என்பது உளமருத்துவர் கண்ட உண்மை.

2006 ஏப்ரலிற் சித்திரைப் புத்தாண்டையொட்டி இலங்கை மீண்டும் ஐந்தரை மணித்தியால நேரத்துக்குத் திரும்பிற்று. பிள்ளைகள் இருளில் எழுந்து பாடசாலை செல்ல நேர்கின்றது என்னும் பெற்றோரின் முறைப்பாடும் அம்மீட்சிக்கு ஆதரவாக எடுத்துரைக்கப்பட்ட காரணங்களுள் ஒன்று.

உடலுள் உறையும் கடிகாரம்

மணிக்கூட்டை நகர்த்தினால் நித்திரையும் உடன் நகராதோ எனச் சிலர் வினவலாம். விடையை அறிவியல் வரலாறு தருகின்றது. 1729 இல் பிரான்சிய அறிஞர் டி மெரான், பகலில் இலை விரித்து இரவிற் கூம்பும் செடியொன்றை இருளறையில் வைத்தார். ஒளி காணாதபோதும் அது உரிய வேளையில் விரிந்து கூம்பிற்று. 1938 இல் நதானியேல் கிளைற்மன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், தம் மாணவர் ஒருவருடன் கென்ரக்கி மாநிலத்து மமத் குகையுள் 32 நாள் தங்கி, ஒரு நாளை 28 மணித்தியாலமாக நீட்டி வாழ முயன்றார். இளைஞரான மாணவர் ஒருவாறு இசைந்தார்; கிளைற்மனின் உடலோ பழைய 24 மணித்தியாலத்தை விட்டு நீங்க மறுத்தது. உயிரணுக்களுள் இயங்கும் இக்கடிகாரத்தின் நுட்பத்தைக் கண்டறிந்தமைக்காக ஜெவ்றி ஹோல், மைக்கல் றொஸ்பாஷ், மைக்கல் யங் ஆகிய மூவருக்கும் 2017 ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வகக் கடிகாரத்தை நாடோறும் சரிசெய்வது காலையொளி. இருள் சூழும்போது மூளையிற் சுரக்கும் மெலற்றோனின் இரவு வந்ததை உடலுக்கு உணர்த்துகின்றது. கண்ணிற் படும் ஒளி அச்சுரப்பைத் தடுக்கின்றது. எனவே மணிக்கூட்டை முன்தள்ளும் அரசு எழும் நேரத்தை மாத்திரமே முன்தள்ள வல்லது; நித்திரை வரும் நேரத்தை முன்தள்ள வல்லதன்று. முன்தள்ளப்பட்ட அரை மணித்தியாலமும் ஒரு மணித்தியாலமும் நித்திரையிலிருந்தே கழிக்கப்பட்டன. இதுவே ஆறு மாற்றங்களும் புகட்டும் பாடம்.

எழும் விதியும் படுக்கும் விதியும்

இன்று அரசு நம் மணிக்கூட்டைத் தொடுவதில்லை. நாமே தொடுகின்றோம். மின்விளக்கும் கைத்தொலைபேசியும் தனியார் வகுப்பும் இரவை நள்ளிரவு வரை நீட்டுகின்றன. நம் மாணவன் பதினொன்றரை மணிக்குப் படுக்கின்றான். வைகறைப் படிப்பு நினைவில் நிற்கும் என்னும் மூத்தோர் சொற்படி நாலரை மணிக்கு எழுப்பப்படுகின்றான். எஞ்சுவது ஐந்து மணித்தியால நித்திரை. பதின்மூன்று முதற் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு எட்டு முதற் பத்து மணித்தியாலம் வேண்டும் என்பது அமெரிக்க நித்திரை மருத்துவ அக்கடமி 2016 இல் வெளியிட்ட முடிபு. அன்றியும், பகலிற் கற்றதை மூளை நிலைநிறுத்திக்கொள்வதும் நித்திரையிலேயே. நித்திரையைக் குறைத்துப் படிப்பவன் விதைத்துவிட்டு நீர்பாய்ச்ச மறுப்பவனை ஒப்பான்.

நாவலர் விதி பிழைபட்டதன்று. நாமே அதிற் பாதியைக் காத்து மறுபாதியைக் கைவிட்டோம். எழும் விதியைப் போற்றினோம். அதனைத் தாங்கிநின்ற படுக்கும் வழக்கத்தை மறந்தோம். நாலரைக்கு எழுப்ப விரும்பும் பெற்றோர் எட்டரைக்கு விளக்கணைக்க ஒருப்படல் வேண்டும். அஃது இயலாதெனின், பிள்ளையை ஆறு மணி வரை நித்திரைகொள்ள விடுதலே அறிவுடைமை. இளம்பருவத்தில் அகக் கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பிந்துவதால், அவ்வயதினரின் காலைத் தூக்கத்தை மடியெனப் பழித்தல் நீதியன்று.

நன்கு நித்திரைகொள்ளும் வழிகளை நாம் புதிதாகத் தேடவேண்டியதில்லை. விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழுதல். எழுந்ததும் முற்றத்துக்கு வந்து இளவெயில் காணுதல். உச்சிவேளைக்குப் பின் சிறிது கண்ணயர்ந்தாலும் நீள உறங்காமை. மாலைக்குப்பின் தேநீரும் கோப்பியும் தவிர்த்தல். இரவுணவை முன்னரே முடித்தல். படுக்குமுன் விளக்கைத் தணித்துக் கைத்தொலைபேசியை வேறோர் அறையில் வைத்தல். காற்றோட்டமுள்ள இடத்திற் பாய் விரித்தல் என இவையே போதும். நாற்சார் வீட்டின் முற்றமும் திண்ணையும் வேப்பமர நிழலும் இவற்றுட் பெரும்பாலனவற்றைக் கேளாமலே நம் முன்னோர்க்கு அளித்தன. இவற்றின் பின்னரும் பல வாரம் நித்திரை கூடாதார், சிறப்பாகப் போரின் வடுவைச் சுமப்பார், மருத்துவரை நாடத் தயங்கலாகாது.

மணிக்கூடு மனிதன் ஆக்கிய கருவி. ஆறு முறை அல்ல, அறுபது முறையும் அதனை நகர்த்தலாம். ஞாயிறும் உடலும் நம் கட்டளைக்கு அடங்குவனவல்ல. பரீட்சை அட்டவணையைச் சுவரில் ஒட்டும் இல்லந்தோறும், எழும் நேரத்தின் அருகே படுக்கும் நேரமும் எழுதப்படுமாயின், நம் இளைஞர் இழந்த இரவுகளை ஒருவாறு மீட்டவராவோம்.